வெள்ளி மாலைச் சீட்டுப் போட்டி

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் இலங்கைத் தமிழர் பலரின் மனக்கண்ணில் தோன்றுவது முந்நூற்று நான்கு என்னும் ஆட்டமே. திண்ணையிலோ மரநிழலிலோ நால்வர் சுற்றி அமர்வர். எதிரெதிரே இருப்போர் ஒரு கட்சியினர். பெருங்கட்டிலிருந்து பிரித்தெடுத்த 32 சீட்டுகள் நால்வர்க்கும் பகிரப்படும். கேள்வி கேட்கப்படும், துரும்பு மறைத்து வைக்கப்படும், ஆட்டம் தொடங்கும். அந்த ஆட்டத்தின் அடியில் ஒரு நியாயம் உண்டு. சீட்டுக்கட்டு ஒன்றே, அஃது ஆடுவோர் எவர்க்கும் தனிச் சொந்தமன்று. செல்வன் கையில் வந்து விழுவதும் வறியவன் கையில் வந்து விழுவதும் அதே 32 சீட்டுகளின் பங்குதான்.

இந்த நியாயத்தைத் தலைகீழாகத் திருப்பிய ஓர் ஆட்டம் 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தோன்றியது. அதிலே பொதுக்கட்டு இல்லை. ஒவ்வோர் ஆட்டக்காரனும் தன் கட்டைத் தானே அமைத்துக்கொண்டு வரவேண்டும். கடையிலே சீட்டுகளைப் பொதி பொதியாக வாங்கலாம். வேண்டாதவற்றை நண்பரோடு மாற்றிக்கொள்ளலாம். இவ்வாறு சேர்த்தவற்றுள் தன் எண்ணத்துக்கு இசைந்தவற்றைத் தெரிந்து ஒரு கட்டாகக் கோக்கலாம். மஜிக்: த கெதறிங் என்பது இதன் பெயர். சேர்த்தும் மாற்றியும் ஆடும் சீட்டாட்டங்களுக்கெல்லாம் முன்னோடி இதுவே. 1996இல் யப்பானிலே பொக்கிமொன் சீட்டாட்டமும், 1999இல் அதே நாட்டிலே யூ-கி-ஓ சீட்டாட்டமும் இதன் வழியைப் பின்பற்றி வெளிவந்தன.

இந்த ஆட்டத்தை ஆக்கியவர் றிச்சாட் காபீல்ட் என்னும் கணித அறிஞர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே சேர்வியற் கணிதத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். 1991இல், தாம் முன்னரே ஆக்கியிருந்த வேறொரு பலகை விளையாட்டை எடுத்துக்கொண்டு, விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ற் என்னும் சிறு நிறுவனத்தை நடத்திய பீற்றர் அட்கிசன் என்பவரைக் கண்டார். அதனை அச்சிட்டு வெளியிடப் போதிய முதல் அட்கிசனிடம் இருக்கவில்லை. அவர் கேட்டது வேறொன்று. விளையாட்டு ஆர்வலர்கள் கூடும் பெருங்கூட்டங்களிலே ஒரு நிகழ்ச்சிக்கும் மற்றொரு நிகழ்ச்சிக்கும் இடையே வீணாகக் கழியும் நேரம் உண்டு. அந்த நேரத்திலே ஆடி முடிக்கத்தக்கதாய், சட்டைப்பையில் எடுத்துச் செல்லத்தக்கதாய், குறைந்த செலவில் அச்சிடத்தக்கதாய் ஓர் ஆட்டம் வேண்டும் என்றார். அவ்வேண்டுகோளின் விளைவே மஜிக். 1993 ஓகஸ்ற் மாதத்திலே முதற் பதிப்பு வெளிவந்தது. ஏறக்குறைய 26 இலட்சம் சீட்டுகள் அச்சிடப்பட்டிருந்தன. அவை சில வாரங்களுக்குள் விற்றுத் தீர்ந்தன.

ஆட்டத்தின் முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நன்று. ஆடுவோர் இருவரும் மந்திரவாதிகள் எனப் பாவனை செய்யப்படுவர். ஒவ்வொருவர்க்கும் 20 உயிர்ப்புள்ளிகள் உண்டு. எதிரியின் புள்ளிகளை முற்றும் தொலைப்பவர் வென்றவராவார். கட்டிலே இருவகைச் சீட்டுகள் இருத்தல் வேண்டும். ஒன்று நிலம், மற்றது மந்திரமும் உயிரினமும் பிறவும். சமவெளி, தீவு, சேற்றுநிலம், மலை, காடு என நிலங்கள் ஐந்து. அவற்றுக்கேற்ப வெண்மை, நீலம், கருமை, செம்மை, பசுமை என நிறங்களும் ஐந்து. நிலம் ஆற்றலைத் தரும்; அந்த ஆற்றலைச் செலவிட்டே மந்திரங்களை ஏவவும் உயிரினங்களை அழைக்கவும் இயலும். ஒரு தடவைக்கு ஒரு நிலத்தையே மேசைமீது வைக்கலாம். ஆகவே முதலிலே சிறுசெயல்களும், போகப்போகப் பெருஞ்செயல்களும் நிகழும். வயல் பண்படாமல் விளைவு இல்லை என்பதை உழவர்க்கு விளக்க வேண்டியதில்லை; இந்த ஆட்டத்தின் அடிப்படையும் அதுவே.

ஆயினும் நிலம் மிகுந்தால் செய்வதற்குச் செயல் இல்லை. நிலம் குறைந்தால் கையிலுள்ள செயல் பயன்படுவதில்லை. எத்தனை நிலம், எத்தனை மந்திரம் என்று அளந்து கட்டை அமைப்பதிலேதான் ஆட்டக்காரனின் முதல் திறமை இருக்கின்றது. போட்டி நாளில் அவன் மேசைமுன் வந்து அமர்வதற்குப் பல நாட்களுக்கு முன்பே, வீட்டிலே தனியே இருந்து அவன் போட்டியிடத் தொடங்கிவிடுகின்றான்.

ஒவ்வொருவரும் தத்தம் கட்டோடு வரலாம் என்ற உரிமை தொடக்கத்திலே ஒரு கேட்டை விளைத்தது. முதற் பதிப்பின் விதிகளின்படி கட்டிலே 40 சீட்டுகள் இருந்தாற் போதும். ஒரே சீட்டின் பிரதிகள் எத்தனை இருத்தல் கூடும் என்பதற்கு எல்லை இல்லை. மக்கள் ஏனைய விளையாட்டுப் பொருள்களுக்குச் செலவிடும் அளவே இதற்கும் செலவிடுவர். அரிய சீட்டுகள் ஓர் ஊரில் ஒன்றிரண்டுதான் இருக்கும். அவ்வருமையே அவற்றின் வலிமைக்கு அணையாகும் என்று காபீல்ட் எண்ணியிருந்தார். அந்த அணை விரைவில் உடைந்தது. பணமுள்ளோர் பெட்டி பெட்டியாக வாங்கினர். கருந்தாமரை எனப் பொருள்படும் பெயர்கொண்ட ஒரு சீட்டு உண்டு. விலை எதுவும் கொடாமல் அதனை மேசைமீது வைக்கலாம். வைத்த உடனேயே அது மூன்று நிலங்கள் தரும் ஆற்றலைத் தரும். இத்தகைய சீட்டுகள் பலவற்றை ஒரே கட்டில் நிறைத்து வந்தவன் முன்னிலையில், எதிரே இருப்பவன் தன் முதற் சீட்டை வைக்குமுன்னரே தோற்றுப்போவான்.

போட்டிகளை நெறிப்படுத்தவென்று 1993இலே தோன்றிய கழகம், 1994 ஜனவரியிலே விதிகளைத் திருத்தியது. போட்டிக்குரிய கட்டிலே 60 சீட்டுகளாவது இருத்தல் வேண்டும். அடிப்படை நிலங்கள் ஒழிந்த எந்தச் சீட்டும் நான்கு பிரதிக்கு மேல் இருத்தல் ஆகாது. கருந்தாமரை போன்ற மிகு வலிமையுள்ளவற்றை ஒன்றுக்குமேல் வைத்தல் கூடாது. சில சீட்டுகள் அறவே விலக்கப்படும். இவ்விதிகளால் சீட்டுக்கட்டு மீண்டும் ஓர் அளவுக்குள் வந்தது. அதே ஆண்டு ஓகஸ்ற் மாதம் மில்வோக்கி நகரிலே முதல் உலகப் போட்டி நடைபெற்றது. இறுதியாட்டத்திலே பிரான்சு நாட்டுப் பெற்றாண் லெஸ்ற்றே என்பவரை வென்று, அமெரிக்கரான சாக் டோலன் முதல் உலக வீரரானார். 1996இலே பணப்பரிசுள்ள தொழில்முறைப் போட்டிகளும் தொடங்கின.

ஆயினும் உலகப் போட்டிகளிலே ஆடுவோர் சிலர். ஊர்க் கடைகளிலே ஆடுவோர் பலர். 2000ஆம் ஆண்டிலிருந்து, வெள்ளிக்கிழமை தோறும் மாலைவேளையிலே சிறு கடைகளில் இந்த ஆட்டத்துக்கான போட்டிகள் ஒழுங்காக நடத்தப்படலாயின. 2020இல் பெருந்தொற்றுக் காரணமாக நின்றுபோன இவை, 2021இல் மீண்டும் படிப்படியாகத் தொடங்கின. ஓர் ஆட்டத்தின் உண்மையான இயல்பை அறிய வேண்டுமாயின் பெருமண்டபத்தை விட்டு இச்சிறு கடைக்குள் செல்லுதல் வேண்டும்.

அமெரிக்கச் சிறுநகர் ஒன்றிலே, கடைத்தெருவின் ஓரத்திலுள்ள ஒரு கடை எனக் கொள்க. முன்பகுதியிலே சித்திரக்கதை நூல்களும் பலகை விளையாட்டுப் பெட்டிகளும் அடுக்கப்பட்டுள்ளன. பின்பகுதியிலே நீண்ட மேசைகளும் மடிப்பு நாற்காலிகளும். மாலை மங்கியதும் ஆட்டக்காரர் வந்து சேர்வர். பள்ளி மாணவன் ஒருவன், பாரவண்டி ஓட்டுநர் ஒருவர், மருத்துவமனைத் தாதி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தந்தையும் மகளுமாய் வந்த இருவர் என்றிவ்வாறு பதினாறு பேர். பதிவுக் கட்டணம் செலுத்திப் பெயர் கொடுக்கின்றனர். சீட்டுகள் அழுக்கடையாமலும், முதுகிலுள்ள கறைகொண்டு இன்ன சீட்டென அறியப்படாமலும் இருக்க, ஒவ்வொன்றும் பிளாஸ்ரிக் உறையிலே இடப்பட்டிருக்கும்.

பதினாறு பேரை வெளியேற்று முறையிலே ஆடவிட்டால் முதற் சுற்று முடிந்ததும் எட்டுப் பேர் வீடு செல்ல வேண்டியதுதான். நெடுந்தூரம் பேருந்தில் வந்த ஒருவன் ஒரு மணிநேரத்தில் திரும்புவது எவ்வளவு ஏமாற்றம்! ஆகவே இங்கே பின்பற்றப்படுவது சுவிஸ் முறை. 1895இலே சூரிச் நகரில் நடைபெற்ற சதுரங்கப் போட்டியிலே முதன்முதல் கையாளப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. இம்முறையிலே எவரும் வெளியேற்றப்படுவதில்லை. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி பெற்றவர்களே எதிரெதிரே அமர்த்தப்படுவர். வென்றவனுக்கு வென்றவன் எதிராளி; தோற்றவனுக்குத் தோற்றவன். நான்கு சுற்று முடிவிலே, சமநிலை எதுவும் இல்லாவிடின், பதினாறு பேரில் ஒருவரே நான்கிலும் வென்றிருப்பார், நால்வர் மூன்றில் வென்றிருப்பர், அறுவர் இரண்டில், நால்வர் ஒன்றில், ஒருவர் ஒன்றிலும் இல்லை. அந்த ஒருவரும் இறுதிவரை நான்கு முறை ஆடியே இருப்பார். இது சிறிய நன்மையன்று. புதிதாய் வந்தவன் தன் அளவுக்கு ஏற்ற எதிராளியை இரண்டாம் மூன்றாம் சுற்றிலே அடைந்து, தானும் ஒன்று வெல்லக்கூடும் என்ற நம்பிக்கையோடு அடுத்த வெள்ளிக்கிழமையும் வருகின்றான்.

அப்பதினாறு பேருள் ஓர் இளைஞனைத் தொடர்ந்து நோக்கினால், போட்டியின் தன்மை தெளிவாகும். அவனுக்கு வயது பதினாறு. ஒரு மாதகாலமாகச் சேர்த்து அமைத்த கட்டு அவனிடம் உண்டு. 60 சீட்டுகளில் 24 நிலம். மூன்று போட்டிகளில் வென்றோர் அனைவர்க்கும் கடைக்காரர் சீட்டுப் பொதிகள் பரிசளிப்பார். இதுவரை எந்த வெள்ளியிலும் அவன் மூன்று வென்றதில்லை.

முதற் சுற்றுத் தொடங்குகின்றது. மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவரே அச்சுற்றை வென்றவர். காலம் 50 நிமிடம். இருவரும் கட்டைக் கலைக்கின்றனர். பின்பு தத்தம் கட்டை எதிராளியிடம் நீட்டுகின்றனர். எதிராளியும் அதனைக் கலைக்கவோ வெட்டவோ செய்து மீளக் கொடுக்கின்றான். இஃது ஐயத்தினாற் செய்யப்படுவதன்று, விதியினாற் செய்யப்படுவது. ஐயம் பிறக்க இடமில்லாதபடி விதி அமைந்திருப்பதால், நண்பர் இருவர் ஆடும்போதும் நாணமின்றி இதனைச் செய்ய முடிகின்றது.

முதலிலே ஒவ்வொருவரும் ஏழு சீட்டு எடுப்பர். இளைஞனின் ஏழிலே ஒரே ஒரு நிலம். இது தீய ஊழா? கணிதம் வேறு விடை கூறுகின்றது. 60 சீட்டுகளில் 24 நிலம் உள்ள கட்டிலிருந்து ஏழு சீட்டு எடுத்தால், நிலம் ஒன்றேனும் இல்லாமலோ, ஒன்று மாத்திரம் இருந்தோ வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 14. அதாவது, ஏழு முறைக்கு ஒரு முறை இத்தகைய கை வந்தே தீரும். அதுபோலவே ஒரு சீட்டின் நான்கு பிரதிகளைக் கட்டிலே வைத்தவன், முதற் கையிலே அவற்றுள் ஒன்றையேனும் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 40 மாத்திரமே. நம்பி வைத்த சீட்டு ஐந்து முறையில் மூன்று முறை முதற் கையில் வாராது. இதனை அறிந்தவன் சீட்டை நோவதில்லை.

கை தீயதாயின் அதனைக் கட்டுக்குள் இட்டுக் கலைத்து மீண்டும் எடுக்க விதி இடந்தருகின்றது. 2019இலிருந்து வழங்கும் முறைப்படி, மீண்டும் ஏழு எடுத்து, அவற்றுள் தெரிந்த ஒன்றைக் கட்டின் அடியிலே வைத்துவிட வேண்டும். ஆக, ஆறு சீட்டோடு தொடங்க வேண்டும். இங்கேதான் பழகியவனுக்கும் பழகாதவனுக்கும் வேறுபாடு தெரிகின்றது. ‘அடுத்த சீட்டு நிலமாய் இருக்கும்’ என்று நம்பி, ஒரு நிலத்தோடு ஆடத் துணிகின்றான் இளைஞன். அடுத்த சீட்டு நிலமன்று, அதற்கடுத்ததும் அன்று. எதிராளி ஒன்றன்பின் ஒன்றாக உயிரினங்களை இறக்குகின்றார். இளைஞன் கையில் சீட்டுகள் நிறைந்திருக்க, மேசையில் ஒன்றுமில்லாமல் தோற்கின்றான். இரண்டாம் ஆட்டத்திலும் அதே மனக்கலக்கத்தோடு ஆடித் தோற்கின்றான். சீட்டு அவனைத் தோற்கடித்தது பாதி. நல்ல கையை நாடி ஒரு சீட்டை இழக்க மனமில்லாத அவனுடைய ஆசை தோற்கடித்தது மீதிப் பாதி.

இரண்டாம் சுற்றிலே அவன் திருந்தியிருந்தான். தீய கையை உடனே கைவிட்டான். ஆறு சீட்டோடு தொடங்கி வென்றான். மூன்றாம் சுற்றும் அவனுக்கே. இப்போது இரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஆறு புள்ளி. நான்காம் சுற்றிலே வென்றால், முதன்முறையாக மூன்று வெற்றி.

நான்காம் சுற்றிலே எதிரே அமர்ந்தவர் பாரவண்டி ஓட்டுநர். அவர்க்கும் ஆறு புள்ளி. முதல் ஆட்டம் அவர்க்கு, இரண்டாவது இளைஞனுக்கு. மூன்றாவது ஆட்டம் நீண்டுகொண்டே சென்றது. சூழ இருந்தோர் தம் ஆட்டத்தை முடித்துவிட்டு வந்து நின்று பார்த்தனர். பார்த்தோர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆடுவோர்க்குப் பிறர் யோசனை கூறுதல் ஆகாது என்பது விதி.

இங்கே ஒரு நுட்பத்தைக் கூறவேண்டும். சில நிலங்கள் இருநிறத்து ஆற்றலைத் தரும். ஆனால் அந்த நிறத்து ஆற்றலை எடுக்குந்தோறும் எடுத்தவனுடைய உயிர்ப்புள்ளியிலே ஒன்று குறையும். இளைஞனுக்கு நான்கு புள்ளி எஞ்சியிருந்தது. அத்தகைய நிலங்கள் இரண்டை ஒரே தடவையிலே பயன்படுத்தினான். அவசரத்திலே தன் தாளில் ஒன்றை மாத்திரமே கழித்து மூன்று என எழுதினான். ஓட்டுநரும் தம் தாளிலே மூன்று என்றே எழுதினார். பின்பு தம் முறை வந்ததும், எஞ்சியிருந்த ஓர் உயிரினத்தைக் கொண்டு தாக்கினார். அதன் வலிமை இரண்டு.

மூன்றில் இரண்டு போனால் ஒன்று மிஞ்சும். அடுத்த முறையில் இளைஞனுக்கே வெற்றி. அதற்கான சீட்டு அவன் கையிலே இருந்தது. ஆனால் தாளை எடுத்துப் புள்ளியைக் குறைக்கப் போனவன், மேசைமீது சாய்த்து வைத்திருந்த தன் நிலங்களைப் பார்த்தான். அந்நிலங்கள் இரண்டு. கழித்ததோ ஒன்று. உண்மையில் அவனிடம் இருந்தவை இரண்டே புள்ளிகள்.

இதனை அறிந்தவர் அக்கடையிலே அவன் ஒருவனே. தவறு வேண்டுமென்று செய்யப்பட்டதன்று. எதிராளியும் அதே எண்ணைத்தான் எழுதியிருக்கின்றார். பரிசோ சில சீட்டுப் பொதிகள். பேசாதிருந்தால் கேட்பார் இல்லை. ஆனால் இந்த ஆட்டத்தின் விதி இவ்விடத்தில் மிகத் தெளிவாய் உள்ளது. தெரியாமற் செய்த தவறு தவறு மாத்திரமே. அதனைத் திருத்தி மேலே ஆடலாம். தன் ஆட்டத்திலே நேர்ந்த தவறு தனக்குத் தெரிந்த பின்னும் ஊதியம் கருதி மறைத்தலே ஏமாற்று. தவறுக்கும் ஏமாற்றுக்கும் இடையே உள்ள தூரம், தெரிந்துகொண்ட அக்கணத்துக்கும் வாய்திறக்கும் கணத்துக்கும் இடையே உள்ள தூரம்தான்.

இளைஞன் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு கையை உயர்த்தி மத்தியஸ்தரை அழைத்தான். ஊர்ப் போட்டிகளிலே மத்தியஸ்தர் என்பவர் பெரும்பாலும் அக்கடையிலேயே ஆடிப் பழகிய மூத்தவர். இத்தகைய போட்டிகளில் அவர் தொழில் தண்டிப்பதினும் கற்பிப்பதே. அவர் வந்து நிலங்களை எண்ணினார். இருவர் தாளிலும் மூன்றை வெட்டி இரண்டு என எழுதச் செய்தார். ‘தாக்குதல் தொடரட்டும்’ என்றார். தாக்குதல் தொடர்ந்தது. இரண்டிலிருந்து இரண்டு போயிற்று. ஓட்டுநர் வென்றார்.

இங்கே சிலர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். தோற்க விரும்பாத இருவர் தமக்குள் பேசி முடிவு செய்துகொண்டால் யாருக்கு என்ன தீங்கு? இதற்கும் விதி விடை கூறுகின்றது. ஆட்டம் முடியுமுன் ஒருவர் தாமாகவே தோல்வியை ஒப்புக்கொள்ளலாம். அஃது அவர் உரிமை. இருவரும் இசைந்து சமநிலை எனலும் ஆகும். ஆனால் பரிசிலே பங்கு தருகின்றேன், விட்டுக்கொடு என்று வெற்றியை விலை பேசுதல் ஆகாது. காலம் முடிந்துவிட்டதே என்று பகடை உருட்டியோ நாணயம் சுண்டியோ வெற்றி தோல்வியைத் தீர்மானித்தலும் ஆகாது. அவ்வாறு செய்தல் தண்டனைக்குரியது. வெற்றி என்பது அவ்விருவர்க்கு மாத்திரம் உரிய உடைமையன்று. அடுத்த மேசையிலே மூன்றாவது வெற்றிக்காக உழைத்துக்கொண்டிருப்பவனுடைய நிலையும் அதனோடு பிணைந்துள்ளது. அதனாலேயே இவ்வளவு கண்டிப்பு.

இந்த ஆட்டத்தின் நன்மையைக் கூறுவோர் அதன் மறுபக்கத்தையும் கூறாமல் விடலாகாது. சீட்டுப் பொதி மூடியே விற்கப்படுகின்றது. உள்ளே இருப்பது என்னவென்று வாங்குபவனுக்குத் தெரியாது. நெடுங்காலமாக வழங்கிய பொதியிலே 15 சீட்டுகள் இருக்கும். அவற்றுள் அரியது ஒன்று, ஓரளவு அரியவை மூன்று, எஞ்சியவை பொதுவானவை. அந்த ஓர் அரிய சீட்டை நாடிப் பொதிமேற் பொதி பிரிக்கும் சிறுவனின் மனநிலைக்கும், அதிட்டலாபச் சீட்டு வாங்குவோன் மனநிலைக்கும் உள்ள வேறுபாடு மெல்லியதே. தொடக்ககாலத்திலே, ஆடுவோர் ஒவ்வொருவரும் கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பணயமாக வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளும் வழக்கமும் விதிகளில் இருந்தது. சூதுக்கு நெருங்கிய அவ்வழக்கம் பின்பு கைவிடப்பட்டது. பணயத்தைப் பற்றிய சீட்டுகள் போட்டிகளில் விலக்கப்பட்டுள்ளன. ஆனால் விலை ஏற்றம் நின்றபாடில்லை. 2023இலே, உலகில் ஒன்றே ஒன்றாக அச்சிடப்பட்ட ஒரு மோதிரச் சீட்டை, போஸ்ற் மலோன் என்னும் அமெரிக்கப் பாடகர் 20 இலட்சம் டொலர் கொடுத்து வாங்கினார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. விளையாட்டுப் பொருள் முதலீட்டுப் பொருளாகும்போது, விளையாடும் பிள்ளைக்கு அதிலே இடம் குறைகின்றது.

ஊர்க் கடையிலும் இதன் நிழல் உண்டு. விலை அறிந்த பெரியவர் ஒருவர், விலை அறியாத சிறுவனிடமிருந்து அரிய சீட்டொன்றைப் படம் அழகான சில சாதாரணச் சீட்டுகள் கொடுத்து மாற்றிக்கொண்டுவிடலாம். விதிநூல் அதனைத் தடுப்பதில்லை. நல்ல கடைக்காரர் தடுக்கின்றார். தங்கள் பிள்ளைகளை இத்தகைய போட்டிகளுக்கு அனுப்பும் பெற்றோர் கவனிக்கவேண்டியன இரண்டு. பிள்ளை என்ன செலவிடுகின்றது என்பது ஒன்று; அது மாற்றிக்கொள்ளும் சீட்டின் மதிப்பை அறிந்துதான் மாற்றுகின்றதா என்பது மற்றொன்று.

செல்வ வேற்றுமையைக் குறைக்கும் போட்டிமுறை ஒன்றும் இவ்வாட்டத்துக்குள்ளேயே உண்டு. அதனைத் தெரிந்தெடுப்பு முறை எனலாம். வட்டமாக எட்டுப் பேர் அமர்வர். எவரும் வீட்டிலிருந்து கட்டுக் கொண்டுவருவதில்லை. ஒவ்வொருவர்க்கும் மூன்று மூடிய பொதிகள் கொடுக்கப்படும். முதற் பொதியைப் பிரித்து, ஒரு சீட்டைத் தெரிந்து தம் முன்னே கவிழ்த்து வைத்துவிட்டு, எஞ்சியவற்றை இடப்பக்கத்தவரிடம் கொடுப்பர். வலப்பக்கத்தவர் கொடுத்ததிலிருந்து அடுத்த சீட்டைத் தெரிவர். இவ்வாறு பொதி தீரும்வரை. இரண்டாம் பொதி வலப்பக்கமாகச் செல்லும். மூன்றாவது மீண்டும் இடப்பக்கமாக. தெரிந்தவற்றோடு கடைக்காரர் தரும் அடிப்படை நிலங்களைச் சேர்த்து, 40 சீட்டுக் கட்டொன்றை அமைத்து ஆடுவர். இங்கே பெட்டி நிறையச் சீட்டு வைத்திருப்பவனுக்கும், அன்றுதான் முதன்முறை வந்தவனுக்கும் வேற்றுமை இல்லை. எஞ்சிய வேற்றுமை கண்ணினதும் கருத்தினதும் மாத்திரமே. எது போய்விட்டது, எது இன்னும் வரவில்லை, பக்கத்திலுள்ளவர் எந்த நிறத்தை நாடுகின்றார் என்பதைக் கொடுக்கப்படும் சீட்டுகளைக் கொண்டே உய்த்துணர வேண்டும். முந்நூற்று நான்கிலே இறங்கிய சீட்டுகளை நினைவில் வைத்து, துரும்பு யாரிடம் உள்ளது என்று கணிப்பவர்க்கு இந்தக் கலை முற்றிலும் புதியதன்று. பொதுக்கட்டின் பழைய நியாயம், 1993இல் விட்டுப்போனது, வேறொரு வாயிலாலே மீண்டும் உள்ளே வந்துவிட்டது எனலாம்.

அவ்வெள்ளிக்கிழமை இரவு கடை அடைக்கும் நேரம் ஆயிற்று. இளைஞனுக்கு இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. பரிசு பெற்றோர் பெயர் வாசிக்கப்பட்டபோது அவன் பெயர் அவற்றுள் இல்லை. அவன் தன் சீட்டுகளை எண்ணிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். அப்போது பாரவண்டி ஓட்டுநர் மீண்டும் வந்து எதிர் நாற்காலியில் அமர்ந்தார். நடந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. ‘உன் கட்டை ஒருமுறை காட்டு’ என்றார். 60 சீட்டுகளையும் மேசைமீது பரப்பினர். இரு நிறத்து நிலங்கள் உயிர்ப்புள்ளியை அரித்துக்கொண்டிருப்பதையும், மெதுவாக ஆடும் கட்டுக்கு அவை அத்தனை வேண்டுவதில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். இரண்டை எடுத்துவிட்டு அடிப்படை நிலம் இரண்டை வைக்கும்படி கூறினார். கடைக்காரர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கும்வரை இருவரும் அப்பேச்சிலேயே இருந்தனர்.

போட்டி என்பது பிறரை வெல்வதற்கு மாத்திரம் ஏற்பட்ட ஒன்றாயின், தோற்றவனுடைய கட்டைத் திருத்திக் கொடுப்பது பேதைமை. அடுத்த வெள்ளியிலே அதே கட்டு திருத்திக் கொடுத்தவரையே வெல்லக்கூடும். ஆயினும் உலகெங்கும் உள்ள சிறு கடைகளிலே, போட்டி முடிந்த பின் வென்றவரும் தோற்றவரும் ஒரே மேசையிலிருந்து சீட்டுகளைப் பரப்பி ஆராயும் இவ்வழக்கம் நிலைபெற்றிருக்கின்றது. எதிரே அமர நல்ல ஆட்டக்காரன் ஒருவன் வேண்டும். அவன் உண்மை சொல்பவனாயும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாவிடின் சீட்டு எத்துணை விலையுயர்ந்ததாயினும் ஆட்டம் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஏழு நாட்கள் இருந்தன. இளைஞன் பேருந்தில் ஏறி, மடியிலே பெட்டியை வைத்து, எந்த இரண்டு நிலங்களை எடுப்பது என்று எண்ணிக்கொண்டே வீடு சென்றான்.